மகனை விழுங்கிய தாய்

கார்ட்டூன் படம் என்றால் அது சிறுபிள்ளைகள் பார்த்துச் சிரிப்பதற்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பூனை எலியைத் துரத்தும். எலி பூனையின் வாலில் நெருப்பு வைக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அம்மா சமையலறையில் இருந்தபடியே, "சத்தத்தக் கொறடா" என்பாள். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்துக் காட்ட வேண்டிய ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றித்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

படத்தின் பெயர் 'பாவ்'. ஓடும் நேரம் ஏறக்குறைய எட்டு நிமிடம். பேச்சு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. ஆகவே ஆங்கிலம் தெரியாதே, சீனம் புரியாதே என்ற கவலை யாருக்கும் வேண்டாம். கைகள் பேசுகின்றன, முகங்கள் பேசுகின்றன, பாத்திரங்கள் பேசுகின்றன. அவ்வளவுதான்.

பாவ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? டவுன் கோப்பிக் கடையில் அடுக்கடுக்கான தட்டுகளில் ஆவி பறக்க வைத்திருப்பார்களே, வெள்ளை வெளேரென்ற அந்தச் சீனப் பலகாரம்தான். நம் வீடுகளில் கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடித்து, பூரணம் வைத்து மூடுகிறோம் அல்லவா? அதைப் போலவே கோதுமை மாவைத் தட்டி, உள்ளே இறைச்சி வைத்து, ஓரத்தை விரலால் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி மூடி, ஆவியில் வேகவைப்பார்கள். அந்தப் பாவ்தான் இந்தப் படத்தின் கதாநாயகன்!

கதை நடப்பது கனடா நாட்டில், டொராண்டோ நகரத்தில். சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம். நடுவயதைக் கடந்த ஓர் அம்மா, காலையில் கணவனுக்குப் பாவ் செய்கிறாள். மாவு பிசைகிறாள், பூரணம் வைக்கிறாள், ஒவ்வொன்றையும் பிள்ளைக்குச் சடை பின்னுவது போல மடித்து மூடுகிறாள். கணவன் வருகிறான். அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொள்கிறான். வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். இனி அந்த வீட்டில் அவளும் பலகாரத் தட்டும்தான். ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். உடனே "ஆ" என்று அழுகுரல் கேட்கிறது. வாயிலிருந்து கீழே விழுந்த பாவுக்குக் கண்ணும் வாயும் முளைத்திருக்கின்றன. கையும் காலும் முளைக்கின்றன. குழந்தை!

அவள் பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிடவும் இல்லை. வாரி எடுத்துக்கொள்கிறாள். இதைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு பலகாரம் உயிர் பெற்று அழுதால் மனிதர்கள் அலறி ஓடவேண்டும். அவளோ வெகுநாளாக எதிர்பார்த்திருந்தவளைப் போல் வாரி எடுக்கிறாள். அவள் எவ்வளவு நாளாகத் தனியாக இருந்தாள் என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

பிறகு மாவுப்பிள்ளை வளர்கிறான். ஊட்டுகிறாள். குளிப்பாட்டுகிறாள். சுவரில் நிற்க வைத்து உயரத்திற்குக் கோடு போடுகிறாள். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் இனிப்பு ரொட்டி வாங்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்து இருவரும் பகிர்ந்து தின்கிறார்கள். பூங்காவில் வயதானவர்களோடு சேர்ந்து அவள் உடற்பயிற்சி செய்யும்போது பக்கத்தில் அவனும் கையைத் தூக்குகிறான். நெஞ்சு நிறைகிறது.

அப்புறம்தான் வருகிறது வினை. பூங்காவில் மற்றப் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். இவனுக்கும் ஆசை. மாவால் ஆன பிள்ளை, பந்து பட்டால் நசுங்கிப்போவான் என்று தாய் தடுத்து இழுத்துவருகிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நாளடைவில் அறைக் கதவு சாத்தப்படுகிறது. கையில் தொலைபேசி வருகிறது. சிநேகிதர்கள் காரோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒருநாள் அவள் மேசை கொள்ளாமல் விதவிதமாகச் சமைத்து வைத்துக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிநேகிதர்களோடு போய்விடுகிறான். அத்தனையையும் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பசிக்காக அல்ல, கோபத்திற்காகச் சாப்பிடுகிறாள். எத்தனையோ அம்மாக்கள் மீந்த சோற்றை இப்படிச் சாப்பிட்டிருப்பார்கள்.

கடைசியில் ஒரு பெண்ணை அழைத்துவருகிறான். பொன்னிறத் தலைமுடியுள்ள வெள்ளைக்காரப் பெண். விரலில் மோதிரம் மின்னுகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். தாய் வாசலை மறிக்கிறாள், கெஞ்சுகிறாள், பிடித்து இழுக்கிறாள். அவன் திமிறுகிறான். அந்தப் போராட்டத்தில் அவனை அப்படியே எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள்!

வீட்டில் ஓசை அடங்கிவிடுகிறது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிகிறது. உட்கார்ந்து அழுகிறாள்.

வாசகர்களே, இந்த இடத்தில் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். 2018 ஜூன் மாதத்தில் 'இன்கிரெடிபல்ஸ் 2' என்ற பெரிய படத்திற்கு முன்னால் இந்தக் குறும்படத்தைத் திரையிட்டார்கள். அமெரிக்கக் கொட்டகைகளில் சிலர் இந்த இடத்தில் சிரித்தார்களாம். சிலர் ஒன்றும் விளங்காமல் விழித்தார்களாம். அதே கொட்டகையில் ஆசியக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த வேறுபாட்டைப் பற்றி அப்போது பத்திரிகைகளிலேயே எழுதினார்கள்.

நமக்கு மட்டும் இது விளங்காமல் போகுமா? மடியில் கிடக்கும் குழந்தையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கமே, ஒன்ன அப்படியே கடிச்சித் தின்னுடட்டுமா?" என்று கொஞ்சாத பாட்டி எந்த லயத்தில் இருந்தாள்? அந்தக் கொஞ்சல் மொழியில் ஒளிந்திருக்கும் ஆசையைத்தான் இந்தப் படம் வெளிச்சத்தில் கொண்டுவந்து காட்டுகிறது. குழந்தைக்கு ஆறு மாதத்தில் அது கொஞ்சல். இருபத்தைந்து வயதில் அதே ஆசை, அவன் கழுத்தைச் சுற்றிய கயிறு.

இந்தக் கதையை எழுதி இயக்கியவர் டோமி ஷி என்ற பெண். சீனாவில் சோங்சிங் நகரில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவர். டொராண்டோவில் வளர்ந்தார். தகப்பனார் ஓவியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஷெரிடன் கல்லூரியில் கார்ட்டூன் கலை படித்துவிட்டு, 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பிக்சார் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். கதையைச் சித்திரங்களாக வரைந்து கொடுக்கும் வேலை. அந்த வேலைக்கு நடுவே, சொந்த முயற்சியாக 2014ஆம் ஆண்டில் இந்தப் பாவ் கதையை வரையத் தொடங்கினார். பிக்சார் நிறுவனத்தின் குறும்படம் ஒன்றை ஒரு பெண் இயக்கியது அதுவே முதல் தடவை. 2019 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கார் விழாவில், சிறந்த கார்ட்டூன் குறும்படத்திற்கான விருது இயக்குநர் டோமி ஷிக்கும் தயாரிப்பாளர் பெக்கி நீமன் காபுக்கும் கிடைத்தது.

இப்படி ஒரு கதை அவருக்கு எப்படித் தோன்றியது? பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரே பிள்ளை என்பதால் அம்மாவுக்கு அவர்மீது கொள்ளை ஆசையாம். உன்னைத் திரும்பவும் என் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கு எந்நேரமும் தெரிந்திருக்குமே என்று அந்த அம்மா சொல்வதுண்டாம். கேட்க இனிமையாகவும் இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றுசேரக் காட்டவேண்டும் என்பதுதான் மகளின் எண்ணம். சீன மொழியில் 'பாவ்' என்ற ஒலியை ஒரு விதமாக உச்சரித்தால் பலகாரம். வேறு விதமாக இழுத்து உச்சரித்தால் செல்வம், பொக்கிஷம். நாம் பிள்ளையைச் 'செல்வம்' என்று கூப்பிடுவது போலத்தான்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. படம் தயாராகும்போது டோமி ஷி தன் தாயாரையே பிக்சார் நிறுவனத்திற்கு அழைத்துவந்து, படத்தில் வேலை செய்த கலைஞர்களுக்குப் பாவ் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னாராம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் அத்தனை பேரும் அந்த அம்மாளைச் சுற்றி நின்று, மாவைத் தட்டும் விதத்தையும் ஓரத்தை மடிக்கும் விதத்தையும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அடுப்படியில் யாரும் பார்க்காமல் வருடக்கணக்காகச் செய்த வேலைக்கு ஒரு தாய் பெற்ற மரியாதை இது. திரையில் அந்த விரல்கள் மாவை மடிக்கும்போது அது கார்ட்டூன் என்பதே மறந்துபோவதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது.

பொதுவாகக் கார்ட்டூன் படங்களில் தாய்க்கு என்ன இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். 1941இல் வந்த 'டம்போ' படத்தில், குட்டி யானைக்காகச் சண்டைக்குப் போன தாய் யானையைச் சங்கிலி போட்டு அடைத்துவிடுகிறார்கள். 1942இல் வந்த 'பேம்பி' படத்தில் மான்குட்டியின் தாயை வேட்டைக்காரன் சுட்டுவிடுகிறான். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' மீன் கதையில், ஆரம்பத்திலேயே தாய்மீன் போய்ச்சேர்ந்துவிடுகிறது. தாய் போனபிறகு பிள்ளை என்ன ஆனான் என்பதே கதை. 'பாவ்' இதைத் தலைகீழாக்கிவிட்டது. பிள்ளை போனபிறகு தாய் என்ன ஆனாள் என்று கேட்கிறது. இப்படிக் கேட்ட கார்ட்டூன் படங்கள் மிகக் குறைவு.

சரி, இந்தத் தாயின் தனிமைக்கு யார் காரணம்? மகன்தான் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று நம்மிடம் பழமொழி வேறு இருக்கிறது. ஆனால் படத்தின் முதல் காட்சியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தட்டில் இருந்ததை வாரி வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினானே கணவன், அவன் அவளை நிமிர்ந்து பார்த்தானா? அடித்தானா, திட்டினானா? இல்லை. உழைக்கும் மனிதன்தான். ஆனாலும் அவள் கைவேலையை ஒரு வாய் ருசித்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல அவனுக்கு நேரமில்லை. தனிமை அங்கேயே தொடங்கிவிட்டது. கணவனிடம் கிடைக்காத பேச்சுத்துணையை எல்லாம் அவள் மகன்மீது ஏற்றி வைத்தாள். மாவால் ஆன சிறுபிள்ளை அந்தப் பாரத்தை எப்படித் தாங்குவான்? இது படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நான் பார்த்துப் புரிந்துகொண்டது.

இதை எழுதும்போது நம் தோட்டத்துத் தாய்மார்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பால்மரக் காலத்தில் அவர்களுக்குத் தனியாக இருக்க நேரம் ஏது? விடியுமுன் எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டும். மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கவேண்டும். அலுப்பு இருந்தது, கடன் இருந்தது, புருஷன் குடித்துவிட்டு வந்த வீடுகளில் அழுகையும் இருந்தது. ஆனால் லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சரசு அக்காவோ முனியம்மா அத்தையோ இருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் நாலு வார்த்தை பேசினால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

1980களிலிருந்து ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் கைமாறின. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் கிள்ளான் பக்கமும் ஜொகூர் பக்கமும் சிங்கப்பூருக்குமாகப் பிழைப்புத் தேடிப் போனார்கள். இப்போது அதே அம்மா, அடுக்குமாடி வீட்டில் ஏதோ ஒரு மாடியில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் இரும்புக் கதவுக்கு உள்ளே பூட்டிக்கொண்டு தொலைக்காட்சியைப் போட்டுக்கொள்கிறாள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. குழாயடி கிடையாது. டொராண்டோவில் பாவ் செய்கிற அந்தச் சீனத்து அம்மாவும் இவளும் ஒருவரையொருவர் பார்த்தால், பாஷை தெரியாவிட்டாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

கதை அழுகையோடு முடிந்துவிடவில்லை. விழுங்கிவிட்டு அழுதாளே, அது கனவு. அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். அறை வாசலில் ஒரு நிழல். மாவுப்பிள்ளையைப் போன்ற உருண்டை முகத்தோடு உண்மையான மகன் நிற்கிறான்! அதுவரை நாம் பார்த்ததெல்லாம் அவனுடைய கதைதான் என்று அப்போதுதான் விளங்குகிறது. தாய் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். தயங்கி நிற்கிற மகனை, போ உள்ளே என்று அனுப்பிவைக்கிறார் தகப்பன். முதல் காட்சியில் அவசரமாகக் கிளம்பிப் போனவர், இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்.

மகன் வந்து கட்டிலில் உட்காருகிறான். மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கம் சொல்லவில்லை. கையில் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிக்கிறான். சின்ன வயதில் பஸ்ஸில் அம்மாவோடு பகிர்ந்து தின்ற அதே இனிப்பு ரொட்டி. இத்தனை வருடம் அவள்தான் ஊட்டினாள். இன்று அவன் கொண்டுவந்து கொடுக்கிறான். இருவரும் அழுதுகொண்டே தின்கிறார்கள்.

பழமொழியின் பிற்பாதியை இந்தப் படம் ஒப்புக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை மனம் கல் அல்ல. வீட்டை விட்டுப் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்று இரண்டு ஆசையும் அதற்கு உண்டு. போகும்போது கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனவனுக்கு, திரும்பி வரும்போது என்ன சொல்லித் தட்டுவது என்று தெரிவதில்லை. "அம்மா, சாப்பிட்டியா?" என்று தொலைபேசியில் அவன் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறானே, அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

கடைசிக் காட்சியில் எல்லாரும் சமையல் மேசையைச் சுற்றி நின்று பாவ் பிடிக்கிறார்கள். மகனுக்குக் கை வரவில்லை, கோணல்மாணலாகப் போகிறது. வெள்ளைக்கார மருமகளுக்கோ அச்சு அசலாக வருகிறது! மாமியார் அதைப் பார்க்கும் பார்வையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எழுதினால் கெட்டுவிடும். வேற்றினத்துப் பெண்ணைப் பிள்ளை கூட்டிவந்தால் அந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்று நமக்குத் தெரியும். எட்டு நிமிடப் படத்தில் அது கொஞ்சம் சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது என்று ஒரு குறை சொல்லலாம். உண்மையில் அந்தச் சமையல் மேசைக்கு வந்து சேர ஐந்தாறு வருடமாவது பிடிக்கும்.

டோமி ஷி இதோடு விட்டுவிடவில்லை. 2022இல் 'டர்னிங் ரெட்' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். அதுவும் டொராண்டோவில் நடக்கும் கதைதான். அதில் பதின்மூன்று வயது மகள் ஒருத்தி கோபமோ வெட்கமோ வந்தால் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள்! தாயின் பிடியிலிருந்து விலகப் பார்க்கும் பிள்ளையின் பக்கமிருந்து சொன்ன கதை அது. சிறுபிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் வயசுப் பெண்ணை வைத்திருக்கும் தாய்மார்கள், இரண்டில் முதலில் 'பாவ்' படத்தைப் பார்ப்பது நல்லது. அது உங்கள் பக்கத்துக் கதை.

எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். டிஸ்னி பிளஸ் இணையச் சந்தா உள்ள வீடுகளில் கிடைக்கும். 'இன்கிரெடிபல்ஸ் 2' படத்தின் இசைத்தட்டு போன்ற குறுந்தட்டிலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் யாராவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவர்களுடைய கைப்பேசியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுப்பில் வைத்த சோறு பொங்குவதற்குள் படம் முடிந்துவிடும்.